முத்திரை முந்தினால் கதாநாயகி

1984இல் சிங்கப்பூர் தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அற்புதமேரிக்கு இரண்டு பேனா நண்பர்கள். காத்தோங்கில் ரபியா, பிடோக்கில் நூருல் அமீன். வானொலி நேயர் விருப்பத்தில் பெயர் கேட்டுப் பழகியவர்கள். நேரில் பார்த்ததே இல்லை. மூவரும் அஞ்சலட்டையிலேயே கற்பனைப் படம் எடுப்பார்கள். வாரம் ஒரு கதையை அட்டையிலேயே முடிவுசெய்து, யார் யார் நடிப்பது என்று ஆளுக்கொரு பட்டியல் எழுதி மற்ற இருவருக்கும் அனுப்ப வேண்டும். ஒரே நட்சத்திரத்தை இருவர் கேட்டால், யாருடைய அட்டையில் அஞ்சல் முத்திரை முந்தியதோ அவருக்கே.

மேரி தோற்றுக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை முழுக்கத் தையல். ஞாயிறு பூசை முடிந்துதான் மாதா கோயில் பக்கத்துப் பெட்டியில் அட்டையைப் போடுவாள். முத்திரை விழத் திங்களாகிவிடும். அதற்குள் நல்ல நடிகைகள் எல்லாம் கைமாறியிருப்பார்கள்.

அந்த வாரக் கதை, தனியாகத் தையல்கடை போட்டு முன்னேறும் ஒரு பெண்ணைப் பற்றியது. மேரிக்குக் கோபம் தலைக்கேறியது. "மிச்சம் மீதியை நான் ஏன் எடுக்கணும்?" என்று முணுமுணுத்தபடி, கதாநாயகி என்ற இடத்தில் தன் பெயரையே எழுதிப் போட்டாள்.

புதன்கிழமை இரண்டு அட்டைகள் வந்தன.

"உங்க கதாநாயகியை எனக்குக் குடுங்க லா, என்னோட ரெண்டு நடிகைங்களை எடுத்துக்குங்க" என்று ரபியா எழுதியிருந்தாள்.

"நான் மூணு பேரைத் தரேன்" என்று அமீன்.

மேரி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "தரமாட்டேன். அடுத்த படத்துக்கும் இவதான்" என்று இருவருக்கும் எழுதி, ஞாயிறுவரை காத்திராமல், அப்போதே அஞ்சலகத்துக்கு நடந்தாள்.