தம்புள்ளை தாண்டி ஒரு மூச்சு

வத்தேகமைச் சந்தையில் கம்பளி விற்றுக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. மடுல்கெல்லைத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்த வண்டிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "மொதலாளி, பேச்சாயி ஆயி போயிருச்சுங்க. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கிறாங்க" என்றார். விரித்த கம்பளியை அப்படியே போட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். வியாபாரத்தைப் பாதியில் விட்டு நான் எழுந்தது அன்றுதான்.

பேச்சாயி அம்மாவை அறிந்தவர்களுக்கு அவருடைய பாட்டையும் தெரிந்திருக்கும். கோப்பித் தோட்டத்துக்கு வந்த நாம் எல்லோரும் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை வந்து சேர்ந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களைப் புதைக்கக்கூட நேரம் கொடுக்காமல் கங்காணிகள் நம்மை நடத்திவந்தார்கள். அப்படி ஒப்பாரியில்லாமல் போனவர்களுக்காக அந்த அம்மா ஒரு பாட்டுக் கட்டிவைத்திருந்தார். தோட்டத்தில் யார் இறந்தாலும், அந்தச் சாவோடு சேர்த்து வழியில் போனவர்களுக்கும் அழுவது அவர் ஏற்படுத்திய வழக்கம். ஒருவருக்கு ஒரு அடி. பெயர், விழுந்த இடம், ஆசைப்பட்டுத் தின்ற பண்டம், அவ்வளவுதான்.

"ஆத்தோர ஆலடியில் அசந்து படுத்த வீரம்மா, கருப்பட்டி கேட்டியே, நான் கையோட கொண்டுவந்தேன்" என்று முத்தாயி தன் தாய்க்காகப் பாடும் அடியை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

நான் காரியக்காரன். நல்ல சரக்கு வீணாகக்கூடாது என்று நினைப்பவன். முன்பொருமுறை கோயில் திருவிழாவுக்குக் கண்டிக்கு வந்திருந்த பேச்சாயி அம்மாவை என் கடைக்கு அழைத்து, சீலைக்கட்டு சுற்றிவந்த தாளை விரித்துவைத்து, "முழுசாப் பாடுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும்.

"வெளக்கு எரியிற கடையில ஒப்பாரியா? யாருடா செத்தா இங்க? புத்தி கித்தி பெசகிருச்சா?"

தவறு என்னுடையதுதான். சாவு விழாத இடத்தில் ஒப்பாரி பாடக்கூடாது என்பது எனக்கும் தெரியும். கடை வைத்த பிறகு மறந்துபோயிருந்தேன். கோபம் தணிந்ததும் சொன்னார்: "காயிதத்துல போட்டா காயிதம் அழுவுமா தம்பி? அவங்கவங்க ஆளை அவங்கவங்களே பாடணும். நான் வரிசைய மட்டுந்தான் வச்சிருக்கேன்."

போகும்போது வாசலில் நின்று கேட்டார். "ஒனக்கு வழியில யாரும் விடுபடலயா?"

"இல்ல" என்றேன்.

"அம்புட்டுச் சுருக்கா சொல்றியே! ஒரு கம்பளிக்கு வெல கேட்டாக்கூட யோசிச்சுத்தானே சொல்லுவ" என்று சிரித்தார். அதன்பிறகு அவர் என்னிடம் அதைக் கேட்டதேயில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது லயத்து வரிசை வீடுகளின் வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சாயி அம்மா இல்லாமல் பாட்டு எப்படி நடக்கும் என்று நினைத்தேன். நடந்தது. மன்னார்க் கரையிலிருந்து தொடங்கி, ஒருத்தி முடித்த இடத்தில் அடுத்தவள் எடுத்தாள். ஒவ்வொருத்தியும் தன் ஆளைப் பாடினாள். பாட்டு தம்புள்ளை தாண்டியதும் எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள். யாரும் பாடவில்லை. ஒரு மூச்சு நேரம். பிறகு முத்தாயி தன் அடியை எடுத்தாள்.

பாடி முடிந்ததும் முத்தாயியிடம் கேட்டேன். "அந்த எடத்துல ஏன் நிறுத்துனீங்க?"

"ஆயி எப்பவும் நிறுத்தச் சொல்லும். 'அது ஒருத்தரோட எடம், அவரு வந்து எடுத்துக்குவாரு'ங்கும். யாருன்னு சொன்னதில்ல."

பேச்சாயி அம்மா எங்கள் கூட்டத்துக்கு ஒரு நாள் பின்னால், வேறொரு கங்காணியின் கூட்டத்தில் அதே வழியில் நடந்துவந்தவர். அது எனக்கு முன்பே தெரியும். அதற்கு என்ன பொருள் என்பது அந்த வாசலில்தான் உறைத்தது. பேதி கண்ட என் அக்காவை நான் ஒரு பாலை மரத்தடியில் விட்டு வந்தேன். "நின்னா நீயும் இங்கேயே கெட" என்று கங்காணி கத்தினான். தண்ணீர்க் குடத்தைப் பக்கத்தில் வைத்து, "இந்தா வந்துர்றேன்" என்றேன். திரும்பிப் போகவில்லை. மறுநாள் அந்த வழியே வந்தவரிடம் அக்கா என் பெயரைச் சொல்லியிருப்பாளோ என்னவோ. இனி யாரிடம் கேட்பது?

அன்று அந்த மூச்சு நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆண்களோடு நின்றுகொண்டிருந்தேன். பாட்டு என்னைக் கடந்து மாத்தளைக்குப் போய்விட்டது.

இப்போது கோப்பி இலையில் மஞ்சள் நோய் விழுந்து தோட்டங்கள் படுக்கின்றன. அந்தப் பெண்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். பேச்சாயி அம்மா என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு மூச்சு இடம் மட்டும்தான். இத்தனை வருடம் எனக்காகக் காத்துவைத்திருந்தார். காகிதம் அழாது என்றார். வேறு வழி தெரியாமல் காகிதத்தில்தான் சொல்கிறேன். எழுத்துத் தெரிந்தவர்கள், அந்தப் பெண்கள் இருக்கும் லயங்களில் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அவள் பெயர் செல்லாயி. விழுந்த இடம் தம்புள்ளை தாண்டிப் பாலை மரத்தடி. அவித்த மொச்சை என்றால் அவளுக்கு உயிர். அடுத்த சாவில் அந்த இடத்தில் நிறுத்தவேண்டாம்.