வயிற்றைப் பிடிக்க ஒரு ஆள்

பாஸ்போர்ட் போட்டோ எடுத்தே பெயர் வாங்கியவர் ஸ்டுடியோக்காரர். "அசையாதீங்க, பேசாதீங்க" என்று ஊரையே மிரட்டிச் சிலையாக்குவார். அவருக்கு மட்டும் ஒரு நிமிடம் வாய் சும்மா இருக்காது. தூக்கத்திலும் யாரையாவது நிமிர்ந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருப்பார். உடம்பு ரொம்பத் தாராளம். கேமராவுக்குப் பின்னால் அவர் போய் நிற்க வேண்டுமானால், அறையில் இருப்பவர் முதலில் வெளியே வந்து வழிவிட வேண்டும்.

கொஞ்ச நாளாக அவருடைய மனைவி அவரோடு பேசுவதில்லை. எல்லாம் ஒரு பொய்யால் வந்த வினை. "இந்த எடைக்கு ரத்தக்குழாய் எவ்வளவு விறைச்சிருக்குன்னு பார்த்துடலாம்" என்று டாக்டர் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார். இவரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் உட்கார்ந்து கிரீம் பன் தின்றுவிட்டு, "எல்லாம் நார்மல்" என்று வீடு திரும்புவார். இதே உடம்புவாகு கொண்ட அவருடைய அண்ணன், ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அந்தப் பயத்தை இவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏன் வரவே இல்லை?" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை மனைவி எடுத்தாள்.

"டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசறேன்" என்றாள் அவரிடம்.

அதோடு சரி. பிறகு வந்த சேதியெல்லாம் சுவர்க்கடிகாரத்துக்குத்தான். "சாப்பாடு ஆறிப்போகுது" என்பாள், கடிகாரத்தைப் பார்த்து. ஸ்டுடியோக்காரர் தவித்துப்போனார். பயத்தைத் தாங்கிக்கொண்டவரால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கே வந்து டெஸ்ட் கட்டிலில் படுத்துவிட்டார்.

டெக்னீஷியன் பெண், பேனா மாதிரி ஒரு கருவியைக் கையில் வைத்திருந்தாள். கழுத்தில் ஒரு தடவை, தொடை இடுக்கில் ஒரு தடவை நாடி பிடிக்க வேண்டும். துடிப்பு அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் கணக்கு. குழாய் விறைக்க விறைக்க வேகம் கூடும். தூரத்துக்கு டேப்பை நேராகப் பிடித்து அளந்தாள்.

"வயித்து மேல போட்டு அளக்கலையா?"

"மலை ஏறி இறங்கினா தூரம் கூடிடும் சார். இல்லாத வேகத்தை மெஷின் காட்டும். பேசாம படுங்க."

கழுத்து நாடி கிடைத்தது. தொடை நாடியின் மேல் வயிறு படுத்திருந்தது. வயிற்றைத் தள்ளினால் கருவி நழுவியது. கருவியைப் பிடித்தால் வயிறு இறங்கியது.

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

"வீட்டுக்காரி வெளியே இருக்கா. ஆனா பேசமாட்டா."

"பேச வேண்டாம் சார், பிடிச்சா போதும்."

மனைவி வந்தாள். கூரையைப் பார்த்தபடி இரண்டு கையாலும் வயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். "மூச்சை நல்லா விடச் சொல்லும்மா இவர்கிட்ட."

"ரெண்டு பேருமே பேசக்கூடாது. பேசினா அலை கெட்டுடும், முதல்லேர்ந்து எடுக்கணும்."

ஸ்டுடியோக்காரர் கண்ணை மூடினார். வாயையும் மூடினார். திரையில் அலை அழகாக ஓடியது. மனைவி கூரையிலிருந்து கண்ணை இறக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். பேச்சே இல்லாத அந்த முகத்தை அவள் கண்டதே இல்லை. ஒரே ஒரு முறை, அவருடைய அண்ணன் சாய்ந்து கிடந்தபோது, அப்படி ஒரு முகத்தைக் கண்டிருக்கிறாள்.

"என்னங்க!" வயிற்றைப் பிடித்து உலுக்கினாள். "என்னங்க, ஏன் பேசாம கிடக்கீங்க? ஏதாவது பேசுங்களேன்!"

அலை தாறுமாறாகச் சிதறியது. டெக்னீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஸ்டுடியோக்காரர் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் பல். "பேசிட்டா! பார்த்தியாம்மா, பேசிட்டா! அப்புறம் டெஸ்ட் எதுக்கு?" ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார்.

மனைவி வயிற்றை விடவில்லை. "படுங்க."

"இல்லடி, உள்ள என்ன இருக்கோன்னு..."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. படுங்க."

படுத்தார். இந்த முறை அவள் கூரையைப் பார்க்கவில்லை.

"எடுத்தாச்சு" என்றாள் டெக்னீஷியன், திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு. "வயசுக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு. டாக்டர் விவரமாச் சொல்வாரு."

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.