நாற்பத்தொன்றாவது கிலோமீட்டருக்குப் பிறகு

இது நடந்தது. என் வீட்டு முன்னறையில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, என் கண்ணெதிரே நடந்தது. நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். மனுஷனுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்பதே என் பிழைப்பு. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவேன். இப்போது சிரிப்பதில்லை.

என் மனைவியின் தம்பிக்கும் எனக்கும் சைக்கிள் பைத்தியம். அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். இரும்பு உடம்பு. மேட்டில் என்னைப் பின்னால் விட்டுவிட்டு, உச்சியில் போய் நின்றுகொண்டு, "மாமா, தூக்கம் வந்துடுச்சு," என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா தம்பி இருவருக்கும் தாய் தகப்பன் இல்லை. அவனைத் தூக்கி வளர்த்ததே என் மனைவிதான். வேலை முடிந்து வீடு சேர்ந்ததும் அவன் போன் செய்யாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அந்த வருஷம் ஒரு பழங்காட்டைக் குறுக்காகக் கடக்கத் திட்டம் போட்டோம். கோடாலி படாத காடு. நடுவே கல்லும் சரளையுமாக ஒரு தடம். தண்ணீர் எங்கே கிடைக்கும், டயர் கிழிந்தால் எங்கே ஒதுங்குவது, இருட்டுவதற்குள் எதுவரை போயிருக்க வேண்டும்... வாரக்கணக்கில் இதே பேச்சு. காட்டுச் சோதனைச் சாவடிக்குப் போன் செய்து அனுமதியும் கேட்டு வைத்தான் மைத்துனன். என் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "போங்க. ஆனா அவனை முழுசா கூட்டிட்டு வரணும்."

அந்த வழிக்கு இணையத்தில் ஒரே ஒரு பதிவுதான் கிடைத்தது. யாரோ ஒருவர் சைக்கிள் ஓட்டிப் போகும்போது அவருடைய ஜி.பி.எஸ். மீட்டர் தானாகப் பதிந்து இணையத்தில் ஏற்றிய தடம். நாற்பத்தொரு கிலோமீட்டர் வரை அசுர வேகம். அதன் பிறகு காட்டின் விளிம்பு வரை மூன்று கிலோமீட்டர், வெறும் சமதரை. அங்கே போய் ஆள் நத்தை மாதிரி ஊர்ந்திருந்தார். கொஞ்ச தூரம், ஒரு நிறுத்தம். கொஞ்ச தூரம், ஒரு நிறுத்தம்.

"காத்து போயிடுச்சு மாமா."

வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த மனிதருக்கு 'ஊர்வலம்' என்று பேர் வைத்தோம்.

என்னிடம் ஒரு ட்ரெயினர் உண்டு. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை அதில் பூட்டினால் வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம். ஒரு வழியின் பதிவை ஏற்றிவிட்டால், மேடு வருகிற இடத்தில் பெடல் தானாகக் கனக்கும். ஒரு சாயங்காலம் அந்தப் பதிவை ஏற்றி மிதித்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றைத் தாண்டியதும் பெடல் கனத்தது. திரையில் சமதரை. எனக்கோ பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு மிதிப்பது போல் இருந்தது. சிறிது நேரத்தில் பெடல் இறுகி நின்றது. காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்...

"கை மாத்துங்க."

திரும்பினேன். யாரும் இல்லை. பெடல் தானாக இளகியது. இறங்கிவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மெஷின் கோளாறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கூடவே ஓர் ஆசையும் வந்தது. அவனை இதில் ஏற்ற வேண்டும். ஒரு தடவையாவது அவனுக்கு நாக்குத் தள்ளுவதை நான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரிலிருந்து ஓட்டச் சொன்னேன். அவன் முதுகுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்து, வரைபடத்தில் தண்ணீர் நிறுத்தங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். வெளியே மழை.

மணி 6.10. நாற்பத்தொன்று.

"மாமா... என்னது இது... கனக்குது."

"மிதிடா."

அதற்கு மேல் அவன் பேசவில்லை. மூச்சைச் சேமிக்கிறான் என்று நினைத்தேன். தலை கவிழ்ந்திருந்தது. கால்கள் சுற்றின. நின்றன. மறுபடி சுற்றின.

எனக்கு ஏக குஷி. "என்னடா, ஊர்வலமா?" என்றேன். "எனக்குத் தூக்கம் வந்துடுச்சுடா," என்றேன். தலை நிமிரவில்லை. ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

6.40. காலடிச் சத்தம். தொம்... தொம்... ஒருவருடையது அல்ல. பல கால்கள், சேர்ந்து. கீழ்வீட்டில் யாரோ நடக்கிறார்கள் என்று நினைத்தேன். கீழ்வீடு பூட்டியிருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அறையில் ஈர இலை வாடை.

7.05. பெடல் நின்றது.

"கை மாத்துங்க."

அவன் குரல் இல்லை.

"போதும்டா. இறங்கு."

கால்கள் சுற்றின.

"டேய்..."

சுற்றின.

7.12. நாற்பத்து நாலு. நின்றன.

கழுத்தைத் தொட்டேன்.

சில்லிட்டிருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். ஏழு பத்து வரை மிதித்துக்கொண்டிருந்தான் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருக்காது. ஆறு, ஆறேகாலுக்கே உயிர் போயிருக்கு. தாடை விறைச்சுப் போச்சு."

ஒரு மணி நேரம் நான் பிணத்தைக் கேலி செய்திருக்கிறேன்.

மனைவி என்னிடம் அழவில்லை, சண்டை போடவில்லை. "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அவனுடைய போனை மட்டும் தினமும் சார்ஜ் போட்டு வைத்தாள்.

சில வாரம் கழித்து அந்தப் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். சோதனைச் சாவடிக் காவலர்.

"தம்பி, அனுமதி வந்துடுச்சு. எப்ப கிளம்புறீங்க?"

வரவில்லை என்றேன். அதோடு போனை வைத்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. இணையத்தில் கிடைத்த பதிவைச் சொல்லி, நாற்பத்தொன்றுக்குப் பிறகு ஏன் அப்படி நின்று நின்று போயிருக்கிறது என்று கேட்டேன்.



"அது சைக்கிள் போன தடம் இல்லைங்க. சைக்கிள்ல வந்த பையன் அங்கயே நெஞ்சு வலிச்சு விழுந்துட்டான். மூணு வருஷம் ஆச்சு. காட்டு எல்லை வரைக்கும் நாங்கதான் நின்னு நின்னு, கை மாத்தி மாத்தித் தூக்கிட்டு வந்தோம். அவன் பையில மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு."

"எத்தனை பேர் தூக்கினீங்க?"

"நாங்க மூணு பேர். ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கமா சாயுது. அப்பப் பின்னாலருந்து ஒரு ஆள் வந்து நாலாவது மூலையப் பிடிச்சான். சைக்கிள் ஓட்டுறவங்க போடுற இறுக்கமான உடுப்பு. செத்தவனோட கூட்டாளின்னு நினைச்சோம். ரோட்டுல இறக்கிட்டுப் பார்த்தா ஆளைக் காணோம்."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"பாவம், வழி பூரா அழுதான். விட்டுடுங்க, எங்கக்கா தூங்காம உக்காந்திருப்பான்னு கெஞ்சிக்கிட்டே வந்தான்."

என் மனைவி போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"விட்டீங்களா?"

"எப்படிம்மா விடுறது? நாலாவது ஆளுக்கு நாங்க எங்க போவோம்?"