மாமா தன் கையால் அனுப்பிய ஜனாஸா அறிவித்தல்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். ஆகவே சாய்ந்தமருதில் என் அலுவலகம் மாமனாரின் விறாந்தை. மாமா பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். கணினிக்காரன் ஒருவன் வீட்டிலேயே கிடைத்தால் விடுவாரா? ஊரில் யாராவது இறந்தால் ஜனாஸா அறிவித்தலை ஊராரின் போன்களுக்கு அனுப்பும் இணையத்தளம் ஒன்று செய்து தரச் சொன்னார்.

பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதினேன். ஒரே நிரல்தான் என் மடிகணினியிலும் ஓடும், நாளைக்கு நிஜ சர்வரிலும் ஓடும். எங்கே ஓடுகிறோம் என்பதை அதுவே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நான் வைத்த வழி சுலபமானது. திறக்கும் முகவரி 'லோக்கல்ஹோஸ்ட்', அதாவது இதே மடிகணினி, என்றால் சோதனை, யாருக்கும் செய்தி போகக்கூடாது. வேறு எதுவென்றாலும் நிஜம், மாமா தந்த எண்கள் எல்லாவற்றுக்கும் போகும்.

சோதிக்க ஒரு மையித்தின், அதாவது இறந்தவரின், பெயர் வேண்டும். என் பெயரைத் தட்டினேன், மனைவி அழித்துவிட்டாள்.

"எண்ட பேரப் போடுங்க மருமகன். பேரப் போட்டா மவுத்து வந்திருமா?" என்றார் மாமா.

போட்டேன். அதைத் தன் போனில் பார்க்க வேண்டுமென்றார். வீட்டு வைஃபையில், மடிகணினியின் இலக்க முகவரியைத் தட்டித் திறந்து கொடுத்தேன். வடிவாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே 'அனுப்பு' பொத்தானை அமுக்கினார். முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் இல்லை, வெறும் எண்கள். என் புத்திசாலி நிரல் அதை நிஜம் என்று முடிவுகட்டிவிட்டது.

முதலில் அதிர்ந்தது அவருடைய போன். மரணச் செய்தி வந்தால் ஓதும் பழக்கத்தில் "இன்னாலில்லாஹி" ஓதிவிட்டுத்தான் யார் மவுத்து என்று வாசித்தார். என்னைத் திட்டவில்லை.

"பாலமுனைக்கும் போயிருக்குமா, காக்காவுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் மாமா."

வயலுக்குத் தண்ணீர் திருப்பிய சண்டையில் பாலமுனையிலிருக்கும் காக்கா, மாமாவின் அண்ணன், பல வருடமாக இவரோடு பேசுவதில்லை. தன் ஜனாஸாவுக்காவது வருவாரா என்பதுதான் மாமாவின் ஒரே கவலை.

திருத்தம் அனுப்பினேன். யார் வாசித்தார்கள்? வாசல் நிறைந்தது. பள்ளியிலிருந்து மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கும் வந்து விறாந்தையில் இறங்கியது. ஒருவர் குனிந்த தலையோடு மாமாவுக்கே ஸலாம் சொல்லி, "அடக்கம் அசர் தொழுகையோடயா?" என்றார்.

"இன்னும் முடிவெடுக்கல்ல" என்றார் மாமா.

அப்போது ஓட்டோவிலிருந்து காக்கா இறங்கினார். முகமெல்லாம் கண்ணீர். வாசலில் மாமா நிற்பதைக் கண்டதும் அப்படியே நின்றார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"நான் மவுத்துக்கு வந்தன். உசிரோட இரிக்கிறவனோட எனக்குக் கதை இல்ல."

திரும்பி ஓட்டோவில் ஒரு காலையும் வைத்துவிட்டார். மாமா உள்ளே போய், சந்தூக்குக்குப் பக்கத்தில் விரித்திருந்த பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வந்திருந்தவர்களுக்குச் சிரிப்பதா ஓதுவதா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

காக்கா காலை இறக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"கண்ணத் துறடா" என்றார்.