அக்காவின் காலில் கட்டிய வாழைநார்

அக்காவின் காலில் கண்ணாடி குத்தியபோது கீழ்வேளூர்ப் பக்கம் சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. யாரோ குடித்துவிட்டு வயலில் வீசிய பாட்டிலின் சில்லு. குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. கரையேறி வாய்க்காலில் கால் கழுவும்போது தண்ணீர் சிவந்து ஓடுவதைப் பார்த்து, கூட நட்டவள்தான் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போயிருந்ததை எங்கள் யாரிடமும் அவள் சொன்னதில்லை.

நான் அவளைவிடப் பதினோரு வயது சின்னவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். வாழை மட்டையிலிருந்து நார் எடுத்து, மென்மையாக்கி, பஞ்சுத் துணிபோல அழுத்தி, அதன்மேல் இறால் ஓட்டிலிருந்து பிரித்த ஒரு பொருளையும் வேப்பிலைச் சாற்றையும் பூசுவோம். புண்ணில் வைத்துக் கட்டினால் அது கசிவை உறிஞ்ச வேண்டும், கிருமியையும் வளரவிடக் கூடாது. கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து நடுவில் அந்தத் துணியில் ஒரு துண்டை வைத்தால், மறுநாள் அதைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். அந்த வட்டத்துக்குள் கிருமி இல்லை. அந்தப் படத்தை அக்காவிடம் காட்டியிருந்தேன். நடவுக்கு வரும் பெண்களிடமெல்லாம் அவள் அதைச் சொல்லி வைத்திருந்தாள்.

காயம் பட்டுப் பத்து நாள் கழித்துத்தான் ஊருக்குப் போனேன். பழைய சேலைத் துணியால் கட்டியிருந்தாள். அவிழ்த்தபோது நாற்றம் அடித்தது. சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். நடவு முடியட்டும் என்றாள். பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து வேலைக்கு அழைத்துப் போவது அவள்தான். அவள் போகாவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீ செஞ்ச துணிதான் இருக்கே. அத வச்சுக் கட்டேன்."

இன்னும் மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கவில்லை, அதற்கெல்லாம் அனுமதி வாங்க வேண்டும் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"ஊரு ஒலகத்துக்கெல்லாம் செய்யிற. நான் கேட்டா மட்டும் சட்டம் பேசுறியே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் மறுத்திருப்பேன். மறுநாள் ஆய்வகத்திலிருந்து எட்டுத் துண்டுகளை எடுத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. வாழைநாரும் வேப்பிலையும்தானே, என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூனியர் மாணவி ஒருத்தி என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் அவளை உட்காரவைத்துத் திட்டியிருப்பேன்.

ஊருக்குக் கொண்டுபோய், கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, துணியை வைத்துக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றும்போதெல்லாம் புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்றாம் நாள் நாற்றம் போய்விட்டது என்றாள். பத்தாம் நாள் ஓரங்கள் இளஞ்சிவப்பாகி உள்ளே நகர்ந்திருந்தன. அந்தப் படங்களை ஆய்வகக் கணினியில் ஏற்றி, புண்ணின் பரப்பை அளந்து, நாள்வாரியாக ஒரு கோடு வரைந்தேன். கோடு இறங்கிக்கொண்டே வந்தது. அந்த ஆய்வகத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்த நாளும் இருந்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் அத்தான் போன் செய்தார். கால் வீங்கின மாதிரி தெரிகிறது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார். படம் அனுப்பச் சொன்னேன். புண் வாய் கிட்டத்தட்ட மூடியிருந்தது.

"நல்லா ஆறிக்கிட்டு வருது அத்தான். இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்றேன்.

சரி என்று போனை வைத்துவிட்டார். படித்தவள் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவர் பார்த்தது அவள் காலை. நான் பார்த்தது நான் வரைந்த கோட்டை.

இரண்டு நாளில் குளிர் காய்ச்சல் வந்து அவளைத் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர், மூடியிருந்த புண்ணுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். கால் விரலிடுக்கிலிருந்து சீழ் பீறிட்டது. எக்ஸ்ரேயில் அரிசி அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு தெரிந்தது. அதையொட்டிய எலும்பு அரித்துப்போயிருந்தது. இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். கட்டுப் போட்டது யார் என்று அவர் கேட்டார்.

"நானேதாங்க. வீட்டுல கெடந்த துணி" என்றாள் அக்கா.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை விரல்களை எடுத்த பிறகுதான் மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மிச்சமிருந்த ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணி நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாதும்மா. உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம மேல மூட விட்டீங்க. அதுதான் தப்பு."

என் ஆய்வு நெறியாளரிடமும் சொன்னேன். நடந்ததை முழுவதும் எழுதித் தரச் சொன்னார். அந்தப் படங்களை எங்கேயும் பயன்படுத்தக் கூடாது என்றார். மாதிரிகள் இருக்கும் அறையின் சாவியை அந்த வருடம் முழுக்க என்னிடம் தரவில்லை. சரியென்றே பட்டது.

வார்டில் ஒரு மத்தியானம் கஞ்சி குடித்து முடித்துவிட்டு அக்கா கேட்டாள்.

"அந்த போட்டோவெல்லாம் ஒனக்கு ஒதவுச்சாடி?"

ஸ்கேல் எதற்கென்று அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னேன்.

"அழிச்சிட்டியா" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "வீணாப் போச்சே" என்றாள்.

அதன்பின் மூன்று மாதம், ஞாயிறுதோறும் ஊருக்குப் போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த சாதாரண காஸ் துணியால் நானே கட்டு மாற்றினேன். புண் ஆறியது. இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நடக்கிறாள். சேற்றில் இறங்கக் கூடாது. நடவுக் கூட்டத்தை இப்போது வேறொருத்தி அழைத்துப் போகிறாள். நூறு நாள் வேலையில் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை அக்காவுக்கு. என்னை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அத்தானும் சொன்னதில்லை. ஆனால் அவராக எனக்குப் போன் செய்வது நின்றுவிட்டது.

ஆராய்ச்சியை நான் விடவில்லை. மனிதர்களிடம் சோதிக்க முறைப்படி அனுமதிக்கு எழுதியிருக்கிறோம். போன மாதம் ஊரில் இருந்தபோது, அக்காவோடு நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் கணுக்காலில் புண். அந்த வாழைநார்த் துணி ரெண்டு கிடைக்குமா என்று கேட்டாள். நாற்றமே இல்லாமல் போய்விட்டதாமே என்றாள். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்தாள்.

இன்னும் யாருக்கும் கொடுக்கிற நிலைமையில் இல்லை, முதலில் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றேன். தன்னை ஒதுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. சரி என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள். அக்கா மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலை அந்த வீட்டுக்கு நானே போய், வரமாட்டேன் என்ற அவள் வீட்டுக்காரரை வற்புறுத்தி, பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காலை நீட்ட முடியாமல் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இது ஆற எத்தனை நாள் ஆகும்மா என்று வழியில் இரண்டு தரம் கேட்டார். தெரியலைங்க என்று இரண்டு தரமும் சொன்னேன்.