விலகி விழுந்த ஓட்டை

முதலில் குளியலறைத் திரையை மாட்டுகிறார் ஆர்டிஸ் ஹாகன். வாத்துப் படம் போட்ட பழைய பிளாஸ்டிக் திரை. எங்கள் துப்பாக்கி சுடும் மைதானத்தில், தன் மேசையின் வலப்பக்கத்தில் இரண்டு கம்பிகளை நட்டு அதில் கட்டிவிடுவார். அவருடைய துப்பாக்கி ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. காலியான பித்தளைக் கூட்டை வலப்பக்கமாக வீசி எறிந்துவிடும். போன வருடம் அப்படிப் பறந்த ஒரு கூடு, சூடு ஆறாமலே, பக்கத்து மேசை டுவேனின் சட்டைக் காலருக்குள் இறங்கிவிட்டது. டுவேன் கோதுமை விவசாயி, எங்கள் சங்க அணியின் தலைவர், கதவில் குனிந்து நுழையும் உயரம். அன்று அவர் ஆடிய ஆட்டத்தை மொன்டானாவில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் வாத்துத் திரை.

ஆர்டிஸ் அம்மாவுக்குத் தொழில் முடிவெட்டுவது. தானியக் கோபுரத்துக்கு எதிரே ஒற்றை நாற்காலிக் கடை. கத்தரி ஒரு பக்கம் ஓடும், கேள்வி ஒரு பக்கம் ஓடும். "உன் இடது கிருதா மட்டும் ஏன் வெரசா வளருது? அந்தப் பக்கமாத்தான் படுப்பியா?" என்று என்னை ஒருமுறை கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் என் மனைவி கடைக்குப் போனபோது அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தோட்டாக்களை அவர் கடையில் வாங்குவதில்லை. வீட்டில், துணி துவைக்கும் அறையில், தானே செய்கிறார். சுட்ட கூடுகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, நெளிந்த வாயை அச்சில் கொடுத்து நிமிர்த்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்தி அழுத்துவார். சிந்திய மருந்துத் துகளைக் கூட்டித் தள்ளுவது, பிடரியில் ஒட்டிய முடியைத் தட்டும் அதே தூரிகை. லேசான காற்றுகூட அசைத்துவிடும் அளவுக்குத் தராசு நுட்பமானது என்பதால் மருந்து நிறுக்கும் நேரத்தில் வீட்டில் ஹீட்டர் ஓடக் கூடாது. கணவர் லைல், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, முன்னறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். "என் வீட்டுல நான் தும்மணும்னாக்கூட பெர்மிஷன் கேக்கணும்" என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

இந்தக் குளிர்காலத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. முடிவெட்டும்போது பாதிரியாரின் காதைக் கத்தரி கொஞ்சம் பதம் பார்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் காதில் பிளாஸ்திரியோடு நின்று பிரசங்கம் செய்தார். ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை, ஆனால் சபை முழுக்கப் பார்த்துவிட்டது. இன்னொன்று, மைதானத்தில் ஆர்டிஸ் ஐந்து குண்டு சுட்டால் நான்கு நெருங்கி விழும், ஒன்று மட்டும் எங்கோ போய் விழும். முன்பு ஐந்தையும் ஒரு காசுக்குள் வைத்தவர். கோடையில் மாநிலப் போட்டி இருந்தது. அணியில் அவர் பெயரும் இருந்தது.

கடைசியில் டுவேனே வாயைத் திறந்தார்.

"உன் தோட்டாவுல ஒரு கோளாறும் இல்ல ஆர்டிஸ். கைதான் ஆடுது. நம்ம வயசுக்கு இதெல்லாம் சகஜம்."

"இருக்கலாம். ஆனா உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா போதுமா? எனக்குத் தெரிய வேண்டாமா?"

கோபம் இல்லாமல்தான் கேட்டார். கையில் கோளாறு என்றால் போவது அணி மட்டுமல்ல, அந்த ஒற்றை நாற்காலியும்தான். இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆர்டிஸ் முகத்தில் என்னவோ, என் கிருதாவைப் பார்த்தபோது இருந்த அதே முகபாவம்தான்.

மறுவாரம் குண்டுகளின் முனையில் மார்க்கர் பேனாவால் வர்ணம் பூசிக்கொண்டு வந்தார். முதலில் சுடுவதற்குச் சிவப்பு, அடுத்து பச்சை, நீலம், இப்படி. குண்டு காகிதத்தைத் துளைக்கும்போது ஓட்டையின் விளிம்பில் அந்த நிறம் மெல்லிய வளையமாக ஒட்டிக்கொள்ளும். எந்த ஓட்டை எந்தக் குண்டு என்று தெரிந்துவிடும். ஐந்தும் முடியும்வரை தொலைநோக்கியைத் தொட மாட்டார். முடிந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து வைத்துவிட்டு, புல்வெளியில் நடந்து போய், இலக்குக்கு முன்னால் மூக்கு உரசக் குனிந்து நின்றார். காகிதம் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தார். ஒவ்வொரு காகிதத்திலும் விலகி நின்றது சிவப்புதான்.

கை ஆடினால் அது நிறம் பார்த்தா ஆடும்?

முதல் தோட்டாவை அவர் கையால் மெதுவாக உள்ளே விடுகிறார். மற்ற நான்கையும் துப்பாக்கியே அறைந்து ஏற்றுகிறது. அப்படி அறைவதில் ஏதோ நடக்கிறது என்று நினைத்து, ஒரு தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றும்படி விட்டு, சுடாமல் வெளியே எடுத்து அளந்தார். குண்டு கூட்டின் கழுத்திலிருந்து கொஞ்சம் முன்னால் நழுவியிருந்தது; கையால் விட்ட சிவப்பு மட்டும்தான் நழுவாமல் தனித்துப் போயிருக்கிறது. "லைல் தலையில மிச்சமிருக்கிற முடி ஒண்ணோட தடிமன்தான்" என்று என்னிடம் காட்டினார். கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும் அச்சு ஒன்றை வரவழைத்து, புதிதாகத் தோட்டா செய்தார். முதல் தோட்டாவையும் மெதுவாக விடாமல் துப்பாக்கியின் வேகத்துக்கே விட்டார். சிவப்பு ஓட்டை போய் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

டுவேன் இலக்குவரை நடந்து வந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நான்தான் தப்பு, உன் கைக்கு ஒன்றுமில்லை, போட்டிக்கு நீ வருகிறாய் என்றார். பாதிரியார் அன்று நாற்காலியில் தலையை ஆட்டியிருப்பார் என்றும் சேர்த்துக்கொண்டார். அங்கே நின்ற எல்லோருக்கும் பெரிய நிம்மதி. காபி பிளாஸ்க்கைத் திறந்தோம்.

ஆர்டிஸ் மட்டும் காகிதத்தை விட்டு நகரவில்லை. ஒரு காகிதத்தில் பச்சை கொஞ்சம் தள்ளி இருந்தது. அடுத்ததில் நீலம். அடுத்ததில் எல்லாம் ஒழுங்கு. அதற்கடுத்ததில் மறுபடி பச்சை. சிவப்பைப் போல அவ்வளவு தூரம் இல்லை, நாங்களாக இருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டோம்.

"காத்தா இருக்கும்" என்றார் டுவேன்.

"கொடியைப் பாரு, தூங்குது. இந்தா, நீ சுடு. என் துப்பாக்கி, என் தோட்டா."

டுவேன் தயங்கினார். மேசையில் உட்கார்ந்தும் நேரம் கடத்தினார். அவர் நினைத்திருந்தால் ஒரு குண்டை வேண்டுமென்றே தள்ளி விட்டிருக்கலாம், பழி தோட்டாவோடு போயிருக்கும். அவருக்குப் பின்னால் நின்ற நாங்கள் அதைத்தான் விரும்பினோம். ஆர்டிஸ் அவர் தோளருகே குனிந்து மெல்லச் சொன்னார்:

"பொய்யா சுட்டியோ, இனிமே உன் தலையில கை வைக்க மாட்டேன்."

டுவேன் ஒழுங்காகச் சுட்டார். ஐந்து நிறமும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு விழுந்தன.

ஆர்டிஸ் தன் காகிதத்தையும் டுவேனுடையதையும் அருகருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அப்போ ரெண்டும்தான்" என்றார். "பெரிசா விலகினது தோட்டாவோடது. சின்னது என் கையோடது." அவருக்குப் புரிந்துவிட்டது, அதில் ஒரு திருப்திகூட இருந்தது போலத் தெரிந்தது. போட்டிக்கு வேறு ஆளைப் போடச் சொன்னார். திங்கட்கிழமை டாக்டருக்குப் போன் செய்யப்போவதாகவும், அதுவரை கத்தரி கிடையாது, கடையில் மெஷின் கட்டிங் மட்டும்தான் என்றும் அறிவித்தார். டுவேன் இலக்குச் சட்டத்தைப் பிடித்தபடி மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

துப்பாக்கியை உறையில் போட்டு ஜிப்பை இழுத்த பிறகு, ஆர்டிஸ் திரைக்கடியில் கிடந்த கூடு ஒன்றை எடுத்தார். வலது கையை நேராக நீட்டி, புறங்கைமேல் அதை நிமிர்த்தி வைத்தார். சற்று நின்று, ஆடி, விழுந்தது. அதை எடுத்து, தூசியை ஊதிவிட்டு, இடது புறங்கைமேல் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.