கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?

போன வருடம் கோவை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ரொம்ப எளிதான கேள்வி. “கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?”

“தம்பிங்க ரெண்டு பேருங்க” என்றார் பழனிச்சாமி.

அவர் எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். நான் அங்கே வருகைப்பதிவு, அடையாள அட்டை எல்லாம் பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க். ஆஸ்பத்திரிக்கு அவருக்குத் துணை. அவருடைய எலும்பு மஜ்ஜை ரத்தம் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. யாராவது கொடுத்த ரத்தத்தை ஏற்றித்தான் நடமாட்டம். டாக்டர் சொன்ன நிலையான வழி ஒன்றுதான் — பொருந்துகிற உடன்பிறப்பின் ஸ்டெம் செல்.

ஸ்டெம் செல் என்றால்? பனியன் தொழில் தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். சாயம் ஏற்றாத கிரே துணி! சிவப்பும் ஆகும், நீலமும் ஆகும். மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்லும் அப்படித்தான்... சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, எதுவாகவும் மாறும். கூடவே, தன்னைப் போல இன்னொன்றையும் உண்டாக்கிக்கொள்ளும். அந்த வித்தை எந்தத் துணிக்கும் வராது.

தம்பிகள் இருவருக்கும் பரிசோதனை. பொருந்தவில்லை.

“வேற யாரும் இல்லையா?”

“இல்லீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குண்டடத்தில் இருக்கும் தங்கை சரசுவுக்கு இவர் தீபாவளிச் சீர் கொண்டுபோனபோது நானும் கூடப் போயிருக்கிறேனே!

வராந்தாவில் கேட்டேன்.

“கட்டிக் குடுத்த புள்ளைங்க சார். நாமதான் அவளுக்குக் குடுக்கோணும். அவகிட்டப் போய்க் கையேந்தறதுங்களா? அதுவும் எலும்பைக் குத்தி...” கண் கலங்கிவிட்டது.

சாகத் துணிந்த மனிதருக்கு, தங்கையிடம் கேட்கத் துணிவில்லை! என் டைரியில் சரசு வீட்டு போன் நம்பர் இருந்தது. அவரைக் கேட்காமலே பேசினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சரசு வந்து இறங்கினார்.

“ஏனுங்ணா, பொறந்தவ ஒருத்தி இருக்கறான்னு சொல்ல வாயே வல்லீங்களா?”

“அதில்லீ அம்மிணி... மாப்பிள்ளை என்ன நெனப்பாரோன்னு...”

“அவருதான் பஸ் ஏத்தி உட்டாரு. பேசாமப் படுங்க.”

பொருந்தியது.

சரசுவை மயக்கத்தில் ஆழ்த்தி, இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜை எடுத்தார்கள். எடுத்தது சில வாரங்களில் ஊறிவிடுமாம். அதை ஏற்றிக்கொண்ட அண்ணனுக்குத்தான் கண்டம். ஒவ்வொரு நாளும் வெள்ளையணு எண்ணிக்கைக்காகக் காத்திருந்தோம். மூன்றாவது வாரம் அது ஏறத் தொடங்கியது; தங்கையின் மஜ்ஜை அண்ணனிடம் வேலையைத் தொடங்கிவிட்டது. டாக்டர் சிரித்தார். அதுவரை அதட்டிக்கொண்டே இருந்த சரசு, அப்போதுதான் அழுதார்.

போன திங்கட்கிழமை பழனிச்சாமி வேலைக்குத் திரும்பினார். நேராக என் மேஜைக்கு வந்து கம்பெனி அடையாள அட்டையை நீட்டினார்.

“சார், இதுல பிளட் குரூப்பை மாத்தோணுங்க. இப்ப ஓ பாசிட்டிவ் இல்லீங்க. சரசோட பி பாசிட்டிவ் ஆயிப்போச்சு!”

டாக்டர் கடிதமும் கொண்டுவந்திருந்தார். ஆமாம், இப்போது அவருக்கு ரத்தம் தயாரிப்பது சரசுவின் செல்கள்தானே?

திருத்தப் படிவத்தை எடுத்தேன். ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று அதில் ஒரு கட்டம்.

‘தங்கை’ என்று எழுதினேன்.